பதநீர் காய்ச்சுதலில் வெப்பமும் அளவும்

பதநீர் காய்ச்சுதல் என்பது பனைமரத்தின் பாளையிலிருந்து இறக்கப்படும் இனிப்புநீரைக் கொதிக்கவைத்து, அதிலுள்ள நீரை ஆவியாக்கிக் கருப்பட்டியாக உறையச் செய்யும் தொழில்முறை ஆகும். தூத்துக்குடி மாவட்டத்தில் உடன்குடி, திருச்செந்தூர், சாத்தான்குளம் பகுதிகளின் தேரி நிலங்களிலும், வேம்பார், விளாத்திகுளம் பகுதிகளிலும் இத்தொழில் நெடுங்காலமாக நடந்து வருகிறது. கயத்தாறு, கோவில்பட்டி சார்ந்த கரிசல் வட்டாரத்தில் பனைகள் அடர்ந்த காடாக இல்லாமல் வயல் வரப்புகளிலும் கண்மாய்க் கரைகளிலும் வரிசையாக நிற்கின்றன.

ஒரே பனைகளிலிருந்து ஒரே ஆள் இறக்கி, ஒரே அடுப்பில் காய்ச்சினாலும் கருப்பட்டி ஒரு நாள் நன்றாக உறைந்தும், மறுநாள் பிசுபிசுத்தும், இன்னொரு நாள் கருகியும் போவது உண்டு. பதநீரின் அளவு, அதன் சர்க்கரைச் செறிவு, சுண்ணாம்பின் அளவு, அடுப்பின் வெப்பம் ஆகியவை நாளுக்கு நாள் மாறுவதே இதற்குக் காரணம். இவற்றுள் எதை எந்தக் கட்டத்தில் கவனிக்கவேண்டும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

## பதநீரும் கள்ளும்

பாளையிலிருந்து சொட்டும் நீரில் ஏறத்தாழ 10 முதல் 14 விழுக்காடு வரை சர்க்கரை உள்ளது. அதில் பெரும்பகுதி சுக்ரோசு, அதாவது கரும்பிலும் உள்ள அதே சர்க்கரை. காற்றிலும், கலயத்தின் சுவரிலும், பாளையின் வெட்டுவாயிலும் உள்ள நொதிகளும் பாக்டீரியாக்களும் இந்நீரில் உடனே பெருகத் தொடங்கும். தடுக்காமல் விட்டால் சில மணி நேரத்திலேயே நுரைத்துப் புளித்துக் கள்ளாகிவிடும்.

இதைத் தடுப்பதற்காகக் கலயத்தின் உட்புறத்தில் சுண்ணாம்பு தடவப்படுகிறது. சுண்ணாம்பின் காரத்தன்மையில் நுண்ணுயிர்கள் எளிதில் வளர்வதில்லை. சுண்ணாம்பு இட்ட கலயத்தில் இறங்குவது பதநீர். பேச்சு வழக்கில் பதனி. சுண்ணாம்பு இடாத கலயத்தில் இறங்குவது கள். தமிழ்நாட்டில் 1987 முதல் கள் இறக்குவதற்குத் தடை உள்ளது. எனவே பதநீர் புளித்துப்போவது பனையேறிக்கு வருமான இழப்பு மட்டுமன்று, சட்டச் சிக்கலும் ஆகலாம்.

## பீர் வடிப்புடன் ஒப்பீடு

சர்க்கரை கரைந்த நீரைக் கொதிக்கவைப்பது என்ற அளவில் பதநீர் காய்ச்சுவதும் பீர் வடிப்பதும் ஒத்தவை. பீர் வடிப்பில் முளைகட்டி உலர்த்திய பார்லியை ஏறத்தாழ 65 முதல் 68° செல்சியசு வெந்நீரில் ஊறவைத்துச் சர்க்கரைநீர் பெறப்படுகிறது. அதைச் சுமார் ஒரு மணி நேரம் கொதிக்கவைத்து, ஆறவைத்த பின்னர் நொதி சேர்த்துப் புளிக்கவிடுவர். ஊறல் நீரின் வெப்பம் சில பாகை மாறினாலும், கொதிக்கும்போது ஆவியாகும் நீரின் அளவு மாறினாலும் பீரின் தன்மை மாறிவிடும். அதனால் வீட்டில் பீர் வடிக்க அனுமதி உள்ள நாடுகளில், அதைப் பொழுதுபோக்காகச் செய்பவர்கள் வெப்பமானியும் அளவுக்கோலும் இல்லாமல் தொடங்குவதில்லை.

பதநீரில் நோக்கம் இதற்கு நேர்மாறானது. பீரில் புளிப்பு வரவேண்டும், பதநீரில் வரக்கூடாது. பீரில் கொதிநீரின் ஒரு சிறு பகுதியே ஆவியாகிறது. பதநீரிலோ ஏறத்தாழ ஏழில் ஆறு பங்கு எடை ஆவியாகிப் போகவேண்டும். அளவு இவ்வளவு மாறுவதால் பிழைக்கும் இடம் அதிகம்.

## சுண்ணாம்பின் அளவு

காய்ச்சுவதில் வரும் தவறுகளில் பல அடுப்புக்கு வருமுன்பே, மரத்தின் உச்சியிலேயே தொடங்கிவிடுகின்றன. பனையேறி எல்லாக் கலயங்களுக்கும் ஏறக்குறைய ஒரே அளவு சுண்ணாம்பைத் தடவுகிறார். ஆனால் எல்லாப் பாளைகளும் ஒரே அளவு நீர் தருவதில்லை. ஒரு மரம் ஒரு லிட்டர்கூடத் தராது. பக்கத்து மரம் பல லிட்டர் தரும். எனவே குறைவாகச் சுரக்கும் கலயத்தில் ஒரு லிட்டருக்குரிய சுண்ணாம்பு கூடிவிடுகிறது. நிறையச் சுரக்கும் கலயத்தில் குறைந்துவிடுகிறது.

சுண்ணாம்பு குறைந்தால் நீர் புளிக்கும். புளிக்கும்போது உண்டாகும் அமிலம் சுக்ரோசைக் குளுக்கோசாகவும் பிரக்டோசாகவும் உடைக்கிறது. இவை எளிதில் படிகமாவதில்லை. காற்றிலுள்ள ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். இப்படிப்பட்ட பதநீரை எவ்வளவு கவனமாகக் காய்ச்சினாலும் கருப்பட்டி இறுகாது, பாகாகவே நிற்கும். சுண்ணாம்பு மிகுந்தால் நிறம் கறுத்து, சுவையில் காரல் தட்டும்.

சுரப்பின் அளவுக்கேற்பக் கலயத்துக்குக் கலயம் சுண்ணாம்பை மாற்றித் தடவுவதே இதற்கு வழி. முந்தைய நாள் எந்த மரம் எவ்வளவு தந்தது என்ற நினைவு இங்கே உதவுகிறது. இறக்கியபின் சோதிக்க எளிய முறை ஒன்றும் உண்டு. மஞ்சள் தடவி உலர்த்திய தாளில் ஒரு துளி பதநீர் விட்டால், காரத்தன்மை போதுமான அளவு இருக்கும்போது மஞ்சள் செந்நிறமாக மாறும். நிறம் மாறாத கலயத்தைத் தனியே வைக்கவேண்டும். புளித்த ஒரு கலயத்தை மற்றவற்றோடு ஊற்றினால் அண்டாவிலுள்ள முழுப் பதநீரும் கெடும்.

## இறக்கியபின் வெப்பநிலை

பதநீர்ப் பருவம் தை, மாசியில் தொடங்கி ஆனி, ஆடி வரை நீடிக்கிறது. பருவத்தின் பெரும்பகுதி கோடையில் அமைவதால் புளிப்பு விரைவாக ஏறும். வெப்பம் 10° கூடினால் இத்தகைய உயிர்வேதி மாற்றங்களின் வேகம் பொதுவாக இரு மடங்கு அளவுக்கு உயரும். அதிகாலையில் இறக்கிய பதநீரை வெயில் ஏறுமுன் அடுப்பில் ஏற்றுவது இதனால்தான். தாமதமானால் மண்கலயத்திலேயே நிழலில் வைப்பது நல்லது. கலயத்தின் சுவரில் கசியும் ஈரம் ஆவியாகும்போது உள்ளிருக்கும் நீரும் குளிர்ச்சி அடையும்.

தென்னம்பாளை நீருக்குக் காசர்கோட்டிலுள்ள மத்தியத் தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிலையம் வேறொரு வழியைக் கண்டது. பனிக்கட்டி இட்ட பெட்டிக்குள் நீரைச் சேகரித்து, உறைநிலைக்குச் சற்று மேலேயே வைத்திருந்தால் சுண்ணாம்பே இல்லாமல் புளிக்காது. சுண்ணாம்பு செய்யும் வேலையைக் குளிரும் செய்யும் என்பதை இது காட்டுகிறது.

## காய்ச்சுதலின் இரு கட்டங்கள்

பனங்காட்டில் ஓலையால் வேய்ந்த குடிசைக்கு விடிலி என்று பெயர். அங்குள்ள அடுப்பில் அகன்ற தாச்சியில் பதநீர் காய்ச்சப்படுகிறது. மரம் ஏறுவது ஆண்களின் வேலையாகவும், காய்ச்சுவது பெரும்பாலும் வீட்டுப் பெண்களின் வேலையாகவும் இருந்து வருகிறது.

சர்க்கரைநீரின் கொதிநிலை நீரின் கொதிநிலையைவிட அதிகம். செறிவு ஏற ஏற அதுவும் ஏறும். ஆனால் ஒரே சீராக ஏறுவதில்லை. 12 விழுக்காடு சர்க்கரை உள்ள 20 லிட்டர் பதநீரின் எடை ஏறத்தாழ 21 கிலோ. அது காயும்போது ஏற்படும் மாற்றங்களைக் கணக்கிட்டால் கிடைக்கும் தோராயமான எண்கள் இவை:

| சர்க்கரைச் செறிவு | மீதமுள்ள எடை | கொதிநிலை |
|---|---|---|
| 12 விழுக்காடு | 21 கிலோ | 100° செ. |
| 24 விழுக்காடு | 10.5 கிலோ | 101° செ. |
| 40 விழுக்காடு | 6.3 கிலோ | 101.5° செ. |
| 60 விழுக்காடு | 4.2 கிலோ | 103° செ. |
| 70 விழுக்காடு | 3.6 கிலோ | 106° செ. |
| 80 விழுக்காடு | 3.15 கிலோ | 112° செ. |
| 85 விழுக்காடு | 3 கிலோ | 118° செ. |

இந்த அட்டவணையில் இரண்டு கட்டங்கள் தெளிவாகத் தெரிகின்றன.

முதல் கட்டத்தில் 21 கிலோ 4.2 கிலோவாகச் சுருங்குகிறது. ஆனால் வெப்பம் 3° மட்டுமே உயர்கிறது. இங்கே வெப்பமானி ஏறக்குறைய எதையும் சொல்லாது. தாச்சியில் எவ்வளவு மீதி உள்ளது என்பதே நிலையைக் காட்டும்.

இரண்டாம் கட்டத்தில் நிலைமை தலைகீழாகிறது. 80 விழுக்காட்டிலிருந்து 85 விழுக்காட்டுக்குப் போக, 200 கிராமுக்கும் குறைவான நீரே வெளியேறுகிறது. தாச்சியைப் பார்த்தால் அளவில் எந்த மாற்றமும் தெரியாது. ஆனால் வெப்பம் 6° உயர்ந்துவிடுகிறது. இங்கே அளவு பயன்படாது; வெப்பமே வழிகாட்டும்.

இறுதிக் கட்டத்தில் அளவை நம்பக்கூடாது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 10 விழுக்காடு சர்க்கரை உள்ள 20 லிட்டர் பதநீர், 85 விழுக்காட்டை எட்டும்போது சுமார் இரண்டரைக் கிலோ இருக்கும். 14 விழுக்காடு உள்ளதோ அதே நிலையில் மூன்றரைக் கிலோ இருக்கும். நேற்று இறக்கிய மட்டத்திலேயே இன்றும் இறக்கினால் ஒன்று இளம்பாகாக நிற்கும் அல்லது கருகும். கொதிநிலை மட்டும் தொடக்கச் செறிவு எதுவானாலும் அதே பதத்தைக் காட்டும்.

## அளவுக்கோல்

தாச்சியில் உள்ள அளவை அறியக் குச்சி ஒன்றைச் செங்குத்தாக நட்டு நனைந்த உயரத்தைப் பார்க்கலாம். ஆனால் உயரத்தைப் பாதியாகப் பிரித்துக் கோடு போட்டால் பிழையாகும். தாச்சியின் அடி குழிவாக இருப்பதால் அளவும் உயரமும் ஒரே விகிதத்தில் குறைவதில்லை. அரைக்கோள வடிவப் பாத்திரத்தில் பாதி உயரத்துக்கு இருப்பது முழு அளவில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவே.

எனவே வெறும் தாச்சியில் ஒவ்வொரு லிட்டராகத் தண்ணீர் ஊற்றி, ஒவ்வொரு முறையும் குச்சியில் கீறல் போட்டுக்கொள்ளவேண்டும். அந்தக் குச்சி அந்தத் தாச்சிக்கு மட்டுமே பொருந்தும். கொதிக்கும் நீர், குளிர்ந்த நீரைவிட ஏறத்தாழ 4 விழுக்காடு கூடுதல் இடம் பிடிக்கும் என்பதையும், நுரை அடங்கிய பிறகே மட்டத்தைப் பார்க்கவேண்டும் என்பதையும் கருத்தில் கொள்ளவேண்டும். பொங்கும் நுரையை அடக்க ஆமணக்கு முத்தைப் பொடித்துச் சிறிது போடும் வழக்கம் உண்டு.

ஒவ்வொரு காய்ச்சலுக்கும் ஒரே அளவு பதநீர் ஊற்றுவது நல்ல பழக்கம். பாதி காய்ந்த தாச்சியில் புதிய பதநீரைச் சேர்த்துக்கொண்டே போனால், முதலில் ஊற்றியது தேவைக்கு மேல் நேரம் சூட்டில் கிடந்து கறுக்கும்.

## வெப்பமானியும் கைப்பதமும்

கருப்பட்டிப் பதம் பொதுவாக 115 முதல் 120° செல்சியசுக்கு இடையில் அமைகிறது. அதற்குக் கீழே இறக்கினால் கட்டி உறையாது. அதற்கு மேலே போனால் சர்க்கரை கருகத் தொடங்கிக் கசப்பு ஏறும்.

வெப்பமானியைப் பயன்படுத்துவதில் மூன்று கவனங்கள் தேவை. முதலாவதாக, கொதிக்கும் வெறும் நீரில் அதை வைத்துப் பார்க்கவேண்டும். கயத்தாறு, கோவில்பட்டி போன்ற உயரம் குறைந்த சமவெளியில் அது ஏறத்தாழ 100° காட்டவேண்டும். 98° காட்டினால் இறக்கும் அளவையும் 2° குறைத்துக்கொள்ளவேண்டும். இரண்டாவதாக, அதன் நுனி தாச்சியின் அடியைத் தொடக்கூடாது. அடி உலோகம் பாகைவிடச் சூடானது. மூன்றாவதாக, பாகைத் துடுப்பால் கிளறிய பிறகே அளவெடுக்கவேண்டும்.

வெப்பமானி வருவதற்கு முன்பே இதே பதத்தைக் கையால் அறியும் முறை நிலைத்திருந்தது. குளிர்ந்த நீரில் ஒரு துளி பாகை விட்டு, விரலால் உருட்டிப் பார்ப்பர். கரைந்தால் இளம்பாகு, மெத்தென்று உருண்டால் பதம் நெருங்குகிறது, கெட்டியாக உருண்டால் இறக்கவேண்டும். இது வெறும் கைப்பழக்கம் அன்று; நீரின் செறிவை அளக்கும் ஒரு சோதனையே ஆகும். கைத்தேர்ச்சி உள்ளவர் இதில் தவறுவது அரிது. ஆனால் அத்தேர்ச்சி வரப் பல பருவங்கள் ஆகும். புதிதாகக் கற்பவர் துளியையும் வெப்பமானியையும் ஒருசேரப் பார்த்தால் விரைவில் கைப்பதம் வசப்படும்.

## தீயும் காற்றும்

மேற்சொன்ன 20 லிட்டரில் 18 கிலோ நீரை ஆவியாக்க, தொடக்கத்தில் சூடேற்றுவதையும் சேர்த்துச் சுமார் 47 மெகாசூல் வெப்பம் வேண்டும். ஒரு கிலோ உலர்ந்த விறகு ஏறத்தாழ 15 மெகாசூல் தரும். எனவே கணக்குப்படி மூன்று கிலோவுக்குச் சற்று அதிகமான விறகே போதும். ஆனால் திறந்த அடுப்பில் வெப்பத்தின் பெரும்பகுதி வெளியே போய்விடுகிறது. ஐந்தில் ஒரு பங்கே தாச்சியில் ஏறுவதாகக் கொண்டால் 15 கிலோ விறகுக்கு மேல் செலவாகும்.

கரிசல் வட்டாரத்தில் வேலிக்கருவை விறகுக்குப் பஞ்சமில்லை. காற்றுதான் இங்கே சிக்கல். கயத்தாறு காற்றாலைகளுக்குப் பெயர்பெற்ற ஊர். மேற்குத் தொடர்ச்சி மலைக் கணவாய்களின் வழியே வரும் தென்மேற்குக் காற்று, பதநீர்ப் பருவத்தின் பிற்பகுதியில் வலுக்கிறது. காற்று வீசும்போது தீ ஒரு பக்கம் சாய்ந்து, தாச்சியின் ஒரு பகுதி அதிகமாகவும் மறுபகுதி குறைவாகவும் சூடேறும். அடுப்பைச் சுற்றி மண்சுவர் எழுப்பி, காற்று வரும் திசைக்கு எதிர்ப்புறத்தில் வாய் வைத்தால் விறகும் மிஞ்சும், சூடும் சீராகும்.

முதல் கட்டத்தில் தீ வலுவாக எரியலாம். நீர் மிகுந்திருக்கும்வரை பாகு கருகாது. பாகு கெட்டியாகித் துடுப்பில் ஒட்டத் தொடங்கியதும் விறகை இழுத்துத் தீயைத் தணிக்கவேண்டும். தாச்சியை இறக்கிய பின்பும் உலோகத்தில் தங்கிய சூடு பாகை மேலும் காய்ச்சும். எனவே வேண்டிய வெப்பத்துக்கு ஒன்றிரண்டு பாகை முன்னரே இறக்குவது பாதுகாப்பானது. பல மரங்கள் ஏறி இறக்கிய ஒரு நாள் உழைப்பு கெடுவதும் நிலைப்பதும் இந்தக் கடைசிச் சில நிமிடங்களில்தான்.

இறக்கிய பாகைத் துடுப்பால் கிண்டும்போது நுண்ணிய படிகங்கள் தோன்றும். அப்போது சிரட்டைகளில் ஊற்றினால் கட்டியாக உறையும்.

## கணக்கின் பயன்

காய்ச்சலுக்குக் காய்ச்சல் ஊற்றிய லிட்டர், இறக்கிய வெப்பநிலை, கிடைத்த கருப்பட்டியின் எடை ஆகிய மூன்றையும் எழுதி வைத்தால் தவறு எங்கே நேர்ந்தது என்பதைக் கண்டறியலாம். வெப்பம் சரியாக இருந்தும் உறையவில்லை என்றால் குறை சுண்ணாம்பிலோ தாமதத்திலோ உள்ளது. உறைந்தும் எடை குறைந்தால் பதநீரில் செறிவு குறைவு அல்லது நுரையில் வீணாகியிருக்கிறது.

இக்கணக்குக்கு வேறொரு பயனும் உண்டு. கருப்பட்டியில் வெள்ளைச் சர்க்கரை கலக்கப்படுவது இத்தொழிலைப் பாதிக்கும் பெரிய குறை. மலிவான கலப்படக் கட்டியோடு அசல் கருப்பட்டி விலையில் போட்டியிட முடிவதில்லை. ஆனால் 20 லிட்டர் பதநீரிலிருந்து மூன்று கிலோ அளவுக்கே கருப்பட்டி வரும். செறிவு மிகுந்த நாளில் மூன்றரைக் கிலோ வரலாம். ஐந்து கிலோ வந்தால், கூடுதல் சர்க்கரை வெளியிலிருந்தே வந்திருக்கவேண்டும். இறக்கிய பதநீருக்கும் விற்ற கருப்பட்டிக்கும் கணக்கு உள்ளவர் தம் சரக்கின் தூய்மையை எண்களால் காட்டமுடியும்.

கோவில்பட்டி கடலைமிட்டாய் 2020-லும், உடன்குடி பனங்கருப்பட்டி 2023-லும் புவிசார் குறியீடு பெற்றன. கோவில்பட்டியில் கரும்பு வெல்லம் பயன்பாட்டுக்கு வருமுன் கடலைமிட்டாய்க்கும் கருப்பட்டியே பாகாக இருந்தது. ஊரின் பெயரைத் தாங்கும் பண்டம் ஒவ்வொரு முறையும் ஒரே தன்மையோடு இருக்கும் என்று வாங்குபவர் எதிர்பார்க்கிறார். கீறல் போட்ட ஒரு குச்சியும் ஒரு வெப்பமானியும் ஒரு குறிப்பேடும் அந்த எதிர்பார்ப்பை நிறைவேற்றப் போதுமானவை. முதல் கட்டத்தில் அளவையும், கடைசிக் கட்டத்தில் வெப்பத்தையும் பார்ப்பதே இத்தொழிலின் அடிப்படை விதியாகும்.